கனமானதெல்லாம் கீழே

என் வீட்டுக்காரர் நாகராசுவுக்கு எந்த வண்டியும் ஓட்ட வரும். குவைத்தில் டிரெய்லர் லாரி ஓட்டியவர். வராதது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒரு பையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல வராது.

அவர் குவைத்துக்குக் கிளம்புகிறார் என்றால் போதும், கறம்பக்குடிச் சுற்றுவட்டாரமே எங்கள் வாசலில் நிற்கும். பிள்ளைக்கு ஊறுகாய், மாப்பிள்ளைக்குக் கைலி, மச்சானுக்குக் கருவாடு. திரும்பி வரும்போது அங்கிருந்து சோப்பும் பால்பவுடரும். எங்கள் பக்கம் இது எழுதாத சட்டம். போகிறவன் சுமக்க வேண்டும். தன் சட்டையை எடுத்து வெளியே வைத்துவிட்டு அடுத்தவன் கருவாட்டை ஏற்றிக்கொண்டு போன மனிதர் இவர். "நாகராசுகிட்டக் குடுத்தா கைக்குப் போய்ச் சேர்ந்துரும்" என்று ஊர் சொல்லும். அந்தப் பெயரில் இவருக்கு ஒரு மிதப்பு.

இந்தக் கேரவனும் அந்த மிதப்பில் பிறந்ததுதான். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கரூரில் கொடுத்து, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீடாக மாற்றச் சொல்லியிருந்தார். அதில் என்னைக் காஷ்மீருக்கு அழைத்துப் போவதாக டீக்கடை முதல் ரேஷன் கடை வரை சொல்லியாகிவிட்டது. வண்டி வேலை பாதி முடிந்தபோது அவருடைய கிட்னி இரண்டும் முழுதாகப் போய்விட்டன.

திருச்சி டாக்டர் வயிற்றில் ஒரு குழாய் வைத்தார். தினமும் நான்கு முறை ஒரு பை மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் இறக்கி, ஊறவிட்டு, பிறகு வடிக்க வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ். சுத்தமான இடமாக இருந்தால் வண்டியிலும் செய்யலாம், ஊர் சுற்றலாம், ஆனால் பை மட்டும் தீரக் கூடாது என்றார். கனம் தூக்கக் கூடாது என்றும் சொன்னார். இவர் சிரித்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

இதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் மகள் இலக்கியாவுக்கு அறந்தாங்கி ரகுநாத்தை நிச்சயம் செய்திருந்தோம். தை மாதம் கல்யாணம். அப்பாவுக்குக் கிட்னி இல்லை என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? நாளைக்கு இந்தப் பெண்தானே கிட்னி கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். தப்பான கணக்கும் இல்லை. எனக்குச் சர்க்கரை, நான் கொடுக்க முடியாது. "நான் தாரேன்ப்பா" என்று இலக்கியா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். இவர் அவள் வாயைப் பொத்தினார். "தாலி ஏறட்டும், அப்பறம் பாக்கலாம்." அப்புறம் எதைப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை.

வாயை மூடிக்கொண்டதால் காஷ்மீரையும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. சரி, ஆடி மாதம் கல்யாண வேலை ஒன்றும் நடக்காது, போய்விட்டு வந்துவிடலாம் என்று முடிவானது. அவருக்கு உள்ளூர ஆசையும் இருந்தது. ஊரான் சரக்கையே ஓட்டிச் சலித்தவர், ஒரு தடவையாவது தன் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு ஓட்ட நினைத்தார். அதைப் போய் நான் எப்படித் தடுப்பேன்?

வண்டி வந்ததும் சாமான் அடுக்கும் சண்டை தொடங்கியது. கேரவனில் தொட்ட இடமெல்லாம் அறைதான். கட்டிலைத் தூக்கினால் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய பள்ளம், தலைக்கு மேல் பரண், அடுப்புக்கு மேல் கதவு வைத்த அலமாரி. இவருக்கு லாரிக்காரர் புத்தி. "கனமானதெல்லாம் கீழ. ரெண்டு பக்கமும் சமம். இல்லைன்னா வளைவுல வண்டி சாயும்." என் புத்தி வேறு. முதலில் எது வேண்டுமோ அது கைக்கு எட்ட வேண்டும். அரிசியைத் தேடிக் கட்டிலைத் தூக்குகிறவள் சமைத்த மாதிரிதான்.

மருந்துப் பைதான் எல்லாவற்றிலும் கனம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் மருந்து என்று போட்டிருந்ததால், அவற்றைப் பிரித்துப் பழைய குவைத் பெட்டிகளுக்குள் போட்டு, பச்சைக் கயிறு கட்டினோம். பெட்டியில் இவர் பெயர் இருந்தது. பார்ப்பவர்களுக்கு அரபு நாட்டுச் சாமான். கட்டிலுக்கு அடியில் இரண்டு பக்கமும் அந்தப் பெட்டிகளை இறக்கியபோது இடம் அளந்து தைத்தது போல நிறைந்தது. நான் மட்டும் என் புத்திப்படி கொஞ்சம் பையை அடுப்பு அலமாரியில் தனியாக எடுத்து வைத்தேன்.

பிறகு ஊர் வந்தது. ஓசூரில் மகன் இருக்கிறான், ஹைதராபாத்தில் மருமகன் இருக்கிறான், ஜம்முவில் பட்டாளத்துக்காரன் இருக்கிறான். "போற வழிதானே" என்று ஆளுக்கொரு பை. பக்கத்து வீட்டு வீரய்யா இரண்டு மூட்டை அரிசியே கொண்டு வந்து வண்டிக்குள் நடக்கிற வழியில் போட்டார். பரண் நிறைந்தது. குளியல் மூலை நிறைந்தது. நான் இவரை முறைக்கிறேன், இவர் ஜன்னலைப் பார்க்கிறார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும், சொல்வதற்கு எங்களிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது.

கிளம்புகிற காலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அப்போது ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தது மாப்பிள்ளை ரகுநாத். பக்கத்தில் அவன் அம்மா அன்புமொழி. பின்னால் ஒரு அம்மி.

"கெளம்பிட்டீங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன் மதினி" என்று அன்புமொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மூத்த மகள் சரண்யாவுக்குப் பெங்களூரில் இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. "மிக்ஸியில அரைச்ச மருந்து பச்ச ஒடம்புக்கு ஆகுமாண்ணே? நல்ல அம்மி அங்க கெடைக்கலைங்குது. பெங்களூரு போற வழிதானே?"

இப்போதாவது சொல்லுவார் என்று இவர் முகத்தைப் பார்த்தேன்.

"அதுக்கென்ன, வச்சுட்டாப் போச்சு" என்றார்.

அம்மியைக் கட்டில்மேல் வைக்கப் பார்த்தார்கள். வீரய்யா சும்மா இருந்திருக்கலாம். "கனமானதெல்லாம் கீழன்னு நீதானே மாப்ள எங்களுக்குப் பாடம் நடத்துன?" என்று இவரைக் கேட்டுக்கொண்டே கட்டில் பலகையைத் தூக்கிவிட்டார். உள்ளே குவைத் பெட்டிகள்.

"இதுல என்னண்ணே?" என்று அன்புமொழி கேட்டாள்.

"பழைய துணிமணிம்மா."

"பழைய துணியா? அது எதுக்குக் காஷ்மீருக்கு? எறக்கி வச்சுட்டுப் போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இருக்கட்டும் மதினி, குளிருக்கு வேணும்ல" என்று சொல்லிப் பார்த்தேன். குளிருக்குப் புதுக் கம்பளி வாங்கியதை ஒரு வாரம் முன்புதான் அவளிடமே போனில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

ரகுநாத்தும் வீரய்யாவும் பெட்டியைத் தூக்கினார்கள். "துணியா மாமா இம்புட்டுக் கனம்?" என்றான் ரகுநாத். பெட்டிகள் எங்கள் வீட்டுக் கூடத்துக்குப் போயின. அந்த இடத்தில் அம்மி இறங்கியது. ஒரு பக்கம் மட்டும் கனம் இருந்தால் வண்டி சாயுமே, அதனால் மறுபக்கப் பெட்டிகளையும் இறக்கிவிட்டு வீரய்யா தன் அரிசி மூட்டைகளை வைத்தார். என் புருஷன் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் செய்தார்கள். கல்லை ஏற்றிவிட்டு உயிரை இறக்கி வைத்தோம். இலக்கியா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் உதடு வெளுத்திருந்தது.

வண்டி கிளம்பியது. ஊர் எல்லை தாண்டியதும் கத்தினேன். "வண்டியைத் திருப்புங்க!"

"சம்பந்தியம்மா சாப்பிட்டுட்டுத்தான் போவாங்க, திலகா. அவங்க போகட்டும். அப்பறம் போயி எடுத்துக்கலாம்."

"கல்லை எறக்கிட்டா எடுப்பீங்க? அதை எங்க வைப்பீங்க?"

புதுக்கோட்டை ரோட்டை விட்டு ஒரு தைலமரக் காட்டுக்குள் வண்டியை இறக்கி நிறுத்தினார். காஷ்மீர் பயணத்தின் முதல் தங்கல், வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பை மாற்றும் நேரம் வந்தது. ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, கையைக் கழுவி, அடுப்பு அலமாரியில் நான் வைத்திருந்த பையை எடுத்தேன். அன்று ஒரு நாளுக்குத்தான் இருந்தது. பரண் கொக்கியில் பையை மாட்டினேன். அவர் அம்மிக்கு மேல் படுத்திருந்தார். முதலில் பழைய தண்ணீர் வடிய வேண்டும், பிறகு புதியது இறங்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவசரப்படுத்த முடியாது. எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பியது. ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருந்தால் போதுமே.

போன் அடித்தது. இலக்கியா.

"அம்மா, அத்தை போகவே இல்லைம்மா. அந்தப் பொட்டியைப் பாக்கப் பாக்க எனக்கு அழுகை வந்துருச்சு. ஏன் அழுவுறேன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்மா."

"என்ன சொன்ன?"

"எல்லாம் சொல்லிட்டேன். நான் குடுக்கப் போறேங்கிறதையும்."

போனில் அன்புமொழியின் குரல் வந்தது. "எங்க நிக்கிறீங்க?" அவ்வளவுதான் கேட்டாள். இடத்தைச் சொன்னேன்.

ஓடிப்போகவும் முடியவில்லை. புதுத் தண்ணீர் பாதிதான் இறங்கியிருந்தது. குழாயோடு அவர் படுத்திருக்க, குட்டியானை சருகை மிதித்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. "துண்டை எடுத்து மூடு" என்றார். எதை மூட? பையையா, குழாயையா, அவர் முகத்தையா? துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்புமொழி படி ஏறி வந்தாள். அவரைப் பார்த்தாள், கொக்கியில் தொங்கிய பையைப் பார்த்தாள். கண் கலங்கியதா, கோபமா, எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் முழுதும் இறங்கி, நான் குழாயை மூடி, அவர் எழுந்து உட்காரும் வரை கதவோரத்திலேயே நின்றாள்.

"மொதல்ல அந்தக் கல்லை எறக்கு" என்று மகனிடம் சொன்னாள்.

ரகுநாத் ஒற்றை ஆளாக அம்மியைத் தூக்கினான். கை கொடுக்க எழுந்த இவரை, "நீங்க தொடாதீங்க மாமா" என்று தடுத்தான். அரிசி மூட்டைகளும் இறங்கிக் குட்டியானையில் ஏறின. குட்டியானையில் ஏற்றி வந்திருந்த குவைத் பெட்டிகளை அன்புமொழியே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவன் உள்ளே அடுக்கினான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. யார் சொன்னார்களோ, சமமாகத்தான் அடுக்கினான்.

"அம்மியை லாரி சர்வீஸ்ல போட்டுக்கிறேன்" என்றாள். பிறகு முந்தானையால் கையைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஒடம்பைப் பாத்துக்கங்கண்ணே. கல்யாண விஷயம்... வீட்டுல எல்லாருமாப் பேசிட்டுச் சொல்றோம், மதினி."

பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றவர்கள் திரும்பி வந்து சொன்னதை நான் பார்த்ததில்லை. வேண்டாத வரன்களுக்கு நானே அந்தப் பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். காலைப் பிடித்துக் கெஞ்சலாமா என்று தோன்றியது. என்னவென்று கெஞ்சுவது? என் மகளின் கிட்னியை அவள் அப்பனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றா? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

படி இறங்கப் போனவள் நின்றாள். இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். பிரசவ லேகியம்.

"இதை மட்டும் சரண்யாகிட்டக் குடுத்துருங்க" என்றாள். "போற வழிதானே."

குட்டியானை போய்விட்டது. அம்மி அதன் பின்னால் குலுங்கிக்கொண்டே போனது.

"பாத்தியா" என்றார் இவர், சட்டையைப் போட்டுக்கொண்டே. "பச்ச ஒடம்புக்காரிக்கு மருந்து குடுத்து விட்டுருக்காங்க. சம்பந்தம் வேணாம்னு நெனச்சா நம்ம கையில குடுப்பாங்களா?"

அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கட்டிலுக்கு அடியில் கனமானதும், கைக்கு எட்டும் இடத்தில் அவசரமானதும், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அந்த டப்பாவை எங்கே வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. பரணைத் திறந்தேன், மூடினேன். அலமாரியைத் திறந்தேன், மூடினேன். கடைசியில் மடியிலேயே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.