முதலாளியின் பல்செட்

மரவாடி முதலாளி மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஒரு கட்டை. மரத்தூள் ரத்தத்தைக் குடித்துச் சேறாகியிருந்தது. சேதி கேட்டதும் சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "அப்பாடா!" என்றார். ஊரே அதைத்தான் சொன்னது.

எதிர்க்கடையில் பல்செட் செய்பவர் மட்டும் கடைத் திரையை இழுத்துவிட்டார். அவருடைய நாற்காலியில், மரவாடியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை தோள்சதை கிழிந்து உட்கார்ந்திருந்தான்.

"என் கழுத்தை ரம்பத்துல கொடுக்கப் பாத்தான், மாமா. ஒரே போடு போட்டேன். சாகும்போதும் விடல, கடிச்சுப் பிடுங்கிட்டான்."

காயத்தில் இரண்டு குழிகள் தனியாகத் தெரிந்தன. 'கோரைப்பல்லை நீட்டி வைய்யா, வாயைத் திறந்தா ஊர் நடுங்கணும்' என்று முதலாளி கேட்டு வாங்கிய பல்செட். இப்போது அது சதைத் துணுக்கோடு இன்ஸ்பெக்டர் கையில். காலையில் ஆண்கள் எல்லாரும் ஸ்டேஷனில் சட்டையைக் கழற்ற வேண்டுமாம்.

"ஏதாவது பண்ணுங்கப்பா," என்று மகள் அழுதாள்.

முதலாளி கேட்டிருந்த மாற்றுச் செட், அதே கோரைப்பற்களோடு, அலமாரியில் தயாராக இருந்தது. பல்செட்காரர் அதை இடுக்கியில் மாட்டி, தன் தோளில் வைத்து நெரித்தார். சதை பிய்ந்தது. முழங்கை வரை ரத்தம்.

அலறல் கேட்டு ஓடிவந்த சலூன்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தார், இடுக்கியைப் பார்த்தார். சட்டையைக் கழற்றினார்.

"எனக்கும் ஒண்ணு போடுங்கண்ணே, ஆழமா. அவன் என்னை அறைஞ்ச அறைக்கு இதெல்லாம் கொசுக்கடி."

பொழுது சாய்வதற்குள் தெருவில் வரிசை நின்றது.

காலையில் இன்ஸ்பெக்டர் பார்த்த தோளில் எல்லாம் இரண்டு குழி.

"என்னய்யா இது? ஒருத்தன் ஊரையே கடிச்சானா?"

"உயிரோட இருந்தப்பவும் அதைத்தானே சார் செஞ்சான்," என்றார் சலூன்காரர்.

இன்ஸ்பெக்டர் பாய்ந்து பல்செட்காரரின் கழுத்தைப் பிடித்தார். "உன் வேலைதானே? எவனைடா காப்பாத்தறே?"

"அவரை விடுங்க."

முதலாளியின் மனைவி வாசலில் நின்றாள். முழுக்கை ரவிக்கையைத் தோள்வரை சுருட்டினாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஜோடி ஜோடியாக வெளுத்த தழும்புகள்.

"இது நேத்துப் பட்டதில்லை. எத்தனை தடவை இங்க வந்து காட்டினேன்? யாரு கடிச்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டரின் பிடி தானாகத் தளர்ந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஏட்டைப் பார்த்தார்.

"மரம் சரிஞ்சு மண்டையில விழுந்துதுன்னு எழுதுய்யா."

தன் தோளிலிருந்த இரண்டு குழியையும் மறைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்த ஏட்டு பேனாவை எடுத்தார். "கட்டையும் மரந்தானுங்களே, சார்."