சோணாசலதாசரின் மச்சம்

ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய சோணாசலதாசர் அண்ணாமலையார் மேல் பாட்டாகக் கட்டித் தள்ளினாரே தவிர, தன் முகத்தை எங்கேயும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பாவம் எட்டாம் வகுப்பு கவியா தலையில் விடிந்தது. வீட்டுப்பாடத்துக்கு அவர் வாழ்க்கை, பாட்டு, ராகம் எல்லாம் தேடி எழுதியாகிவிட்டது. படம் இல்லாவிட்டால் முழு மார்க் கிடையாது என்று எழிலரசி மிஸ் சொல்லிவிட்டார். முழு மார்க்குக்கு ஒன்று குறைந்தாலும் கவியாவுக்குச் சோறு இறங்காது.

அப்பா வேணு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிறவர். முகம் இல்லாத பேனர் அவர் கடைவாசலைத் தாண்டியதில்லை. தாடி வளர்ப்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட மைத்துனன் முருகவேலை உட்காரவைத்துப் படம் எடுத்தார். விபூதிப் பட்டை, ருத்ராட்சம், தம்புரா, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறின. கல்யாண பேனர் பழக்கத்தில் நிறத்தையும் ஏற்றி, புருவத்து மச்சத்தையும் எடுத்துவிட்டார்.

பள்ளிக் கண்காட்சியில் அந்தப் படத்தைத் தலைமையாசிரியரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தன்னைக் கும்பிடுவதைப் பார்க்க முருகவேலும் வந்துவிட்டான். மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கவியா அவன் தாடியை மழிக்கவைத்துத்தான் வரவிட்டிருந்தாள்.

எழிலரசி மிஸ் அவனைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"அதே மூக்கு. நீங்க தாசர் பரம்பரைங்களா?"

முருகவேலின் கண் மேடையிலிருந்த பொன்னாடைமேல் இருந்தது. "அப்படித்தான் சொல்லிக்கிறாங்க மிஸ்," என்றான்.

போர்த்தினார்கள். பாடச் சொன்னதற்கு, பரம்பரையாகவே தொண்டை கட்டியிருக்கிறது என்றான். தலைமையாசிரியர் அதற்கும் கண்கலங்கினார்.

மிஸ் சிவப்புப் பேனாவைத் திறந்து ஒரு மார்க்கைக் குறைத்தார்.

"வாரிசுக்குப் புருவத்துல மச்சம் இருக்கு, உன் படத்துல இல்ல. கலரும் ஜாஸ்தி. ஆராய்ச்சின்னா ஆதாரம் வேணும் கவியா. திருத்திக் கொண்டா, அந்த ஒரு மார்க்கத் தரேன்."

கவியா வாயைத் திறந்தாள். உண்மை வெளியே வந்தால் மிச்ச மார்க்கும் போய்விடுமே என்று மூடிக்கொண்டாள். நேராக அப்பா கடைக்குப் போய்த்தான் அழுதாள்.

"அந்த மச்சத்த ஏம்பா எடுத்த?"

வேணு மச்சத்தைத் திரும்ப வைத்தார். பொன்னாடையைக் கழற்றாமலே முருகவேல் எட்டிப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் மேல வைங்க மாமா," என்றான். "எங்க பெரியவருக்கு அங்கதான் இருந்துச்சு."