முதுகுப் பலகை

"கையை எடு ஜேக்கப்."

ஆணி பிடுங்கும் குறடோடு பட்டறை மேஜைமேல் குனிந்திருந்த ஜேக்கப் திரும்பிப் பார்த்தான். வாசலில் அண்ணி அடைக்கலமேரி நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து ராயபுரம் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறாள். முழங்கால் வரை புழுதி.

"இன்னா அண்ணி, நாலு மணிக்கு அண்ணனைக் கொண்ணாந்துடுவாங்கோ. எங்க படுக்க வைக்கிறது? இந்த மேஜைய வுட்டா வூட்ல வேற இன்னா கீது?"

வேறு ஒன்றும் இல்லைதான். ஈட்டி மரக் கட்டில் ஒன்று இருந்தது, அடைக்கலமேரியின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. கித்தார் செய்யத் தலைமாட்டுப் பலகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் புருஷன் லூயிஸ் ஆரம்பித்தான். தலைமாடு கித்தாரின் முதுகாயிற்று, கால்மாடு பக்கப் பலகைகளாயிற்று. ஆறு மாதமாகப் புருஷனும் பெண்சாதியும் தரையில் பாய் விரித்துப் படுக்க, கித்தார் மட்டும் மேஜைமேல் துரை மாதிரிக் கிடந்தது. சரி, அந்த மனிதனுக்கு அதை வாசிக்கவாவது தெரியுமா என்றால், அதுவும் கிடையாது! ரயில்வே கார்டு ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்த கித்தாரைப் பழுப்புத் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொண்டான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்.

இன்று காலை பத்து மணிக்கு, துறைமுகத்துத் தச்சுக் கொட்டகையில் உளியைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் குந்திக்கிறேம்பா" என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

மேஜைமேல் கித்தார் கவிழ்ந்து கிடந்தது. கப்பல் சரக்குப் பெட்டியைப் பிரித்து இழைத்த முகப்புப் பலகை அடியில். சூட்டில் வளைத்த பக்கப் பலகைகள் அதன்மேல் ஒட்டி நின்றன. வளைவு விரிந்துவிடாமல் சுற்றிலும் பதினாறு கட்டைகளை மேஜையோடு ஆணி அடித்திருந்தான். முதுகு இன்னும் மூடவில்லை. மூடாமல் கட்டைகளைப் பிடுங்கினால் கடல் காற்றுக்குப் பலகை விரிந்து, போட்ட ஒட்டெல்லாம் விட்டுப்போகும் என்று அவன் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்திருந்தது.

"முதுகை ஒட்டிட்டு அப்பால பிடுங்கு," என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த சிலுவையம்மாள், லூயிஸின் அத்தை, கையிலிருந்த ஜெபமாலையை மடியில் போட்டாள். "உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? வஜ்ஜிரப் பசை காய்ச்சணும்னா அடுப்பு பத்த வைக்கணும். எயவு வூட்ல அடுப்பா? கல்லறைக்குப் போய்ட்டு வந்து தலை முயுகுற வரைக்கும் இந்த வூட்ல நெருப்பு மூட்டக்கூடாது."

அடைக்கலமேரி மூலையில் கிடந்த கும்மட்டி அடுப்பைப் பார்த்தாள். கரி இன்னும் ஈரமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் லூயிஸ் அந்த அடுப்பைத்தான் மூட்டினான். வஜ்ஜிரம் இளகிவிட்டது, முதுகுப் பலகை தயார். அந்த நேரம் பார்த்து அவள் கடைத்தெருவிலிருந்து வந்தாள். கட்டிலின் கடைசிக் காலும் துண்டு துண்டாகி, மேஜையில் கட்டைகளாக நிற்பதைக் கண்டாள். வந்த ஆத்திரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து அடுப்பில் கவிழ்த்தாள். வீடெல்லாம் சாம்பல். லூயிஸ் இருமிக்கொண்டே சிரித்தான். "சர்தான் வுடு. நாளிக்கு ஒட்டிக்கலாம்."

காலையில் சோற்றுத் தூக்கை அவன் கையில் கொடுக்காமல் வாசற்படியில் வைத்தாள். பதினாலு வருஷமாக ஒருநாள் தவறாமல் சொல்கிற "போய்ட்டு வாய்யா"வையும் சொல்லவில்லை.

பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அஜீசா எட்டிப் பார்த்தாள். "மேரிக்கா, கஞ்சி காய்ச்சிக்கினு கீறேன். ஒரு வாய் குடி, யக்கா."

"கஞ்சி அப்பால குடிக்கிறேன். இத்தக் காய்ச்சிக் குடு." வஜ்ஜிரக் குவளையைச் சுவர்மேல் வைத்தாள். "கொதிக்கவுடாத. வெந்நிக்குள்ள வெச்சி இளக்கு."

வஜ்ஜிரம் காய்ச்சுகிற நாற்றம் தாங்காமல் அஜீசாவின் வீட்டுக்காரர் மஜீது ஆறு மாதமாகப் போடாத கூச்சல் இல்லை. அஜீசா முந்தானையால் மூக்கைக்கூடப் பொத்தவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

"பக்கத்து வூட்டு நெருப்பு, அத்தே," என்றாள் அடைக்கலமேரி. "இப்ப இன்னா சொல்ற?"



ஜேக்கப் குறடோடு இன்னும் நின்றுகொண்டிருந்தான். "இது இப்ப தேவையா அண்ணி? ஊரு இன்னா பேசும்?"

"பேசட்டும். நேத்தே ஒட்டியிருப்பாரு உங்கண்ணன். நான்தான் தண்ணி ஊத்தி அணைச்சிட்டேன்."

ஜேக்கப் குறடைக் கீழே வைத்தான். "நான் இன்னா செய்யணும், சொல்லு."

போன ஞாயிற்றுக்கிழமை லூயிஸ் அவளை வைத்து ஒட்டில்லாமலே ஏழெட்டுத் தடவை ஒத்திகை பார்த்திருந்தான். சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து, எதை முதலில் இழுப்பது, எங்கே முடிச்சு என்று பாடம். வஜ்ஜிரம் தடவினால் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்வதற்குள் கட்டி முடிக்க வேண்டும், அப்புறம் உறைந்துவிடும் என்பது அவன் கணக்கு. "எங்க அத்தை சொல்ற பத்து மணி இல்ல, அது ரயிலு" என்றும் சொன்னான். "மூடினப்பறம் மடியில வெச்சிக்கினு பேசிப் பாரு, அதுவும் பேசும்." "நான் பேசறதே உனக்குப் போதும்," என்றாள் அன்றைக்கு.

அஜீசா ஆவி பறக்கக் குவளையை நீட்டினாள்.

"அத்தே, ஒரு பத்து மணி சொல்லேன். மெதுவா சொல்லு."

சிலுவையம்மாள் அவளை முறைத்தாள். பிறகு மடியிலிருந்த ஜெபமாலையை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்திச் சொன்னாள்.

முதல் மணிக்குத் தூரிகை விளிம்பைச் சுற்றி ஓடியது. மூன்றாவதில் ஜேக்கப் பலகையை வைத்து அழுத்தினான். இரண்டு பேருமாக மேஜை ஓரத்துக் கட்டைகளின் அடியைச் சுற்றி நாடாவை மாட்டி, குறுக்கே இழுத்து, மறுபக்கம் மாட்டினார்கள். ஏழாவதில் இடுப்பு வளைவில் பலகை எழும்பியது. "அமுக்குடா, அமுக்கு!" ஜேக்கப் கட்டைவிரல் வெளுக்க அமுக்கினான். ஒன்பதாவது மணி முடிந்தது. கடைசி முடிச்சு விழவில்லை. அவள் விரல் வழுக்கியது. அத்தை அப்படியே நிறுத்திவிட்டு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வஜ்ஜிரம் அதற்காக உறையாமல் நிற்குமா என்ன? ஆனாலும் முடிச்சு விழுந்த பிறகுதான் அத்தை பத்தாவது மணியைத் தொட்டாள்.

வண்டி வர நாலரையாகிவிட்டது. அதற்குள் கித்தாரையே சுற்றி நாடாவை மாற்றிக் கட்டிவிட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக ஜேக்கப் பிடுங்கினான். ஒட்டு விடவில்லை. அவள் மேஜையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தாள். லூயிஸைப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவத்தியும்.

பெண்கள் வந்து குவிந்தார்கள். அடைக்கலமேரி மேஜைக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் ரப்பர் நாடா சுற்றிய கித்தாரோடு.

"அத்தக் கீழ வையேண்டி," என்றாள் யாரோ.

"காயட்டும் வுடு," என்றாள் அத்தை.

அடைக்கலமேரி குனிந்தாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவினாள். முகப்பில் இருந்த வட்டத் துளைக்கு நேராக வாயை வைத்து, அவள் மெல்லச் சொன்னாள்.

"போய்ட்டு வாய்யா."

வயிற்றை ஒட்டியிருந்த ஈட்டிப் பலகை லேசாக அதிர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. அத்தை அடுத்த மணியைத் தொடங்கினாள்.