பூவம்மாவுக்கு டியூஷன்

டைமர் திடீரென்று அலறியதில் பூவம்மாவின் கையிலிருந்த சின்ன வெங்காயம் தெறித்து மேசைக்கடியில் ஓடியது.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு. சொல்லு," என்றார் அவள் கணவர் சுந்தரம்.

"குடை, கொய்யா, தச்சன், கோயில்..." பூவம்மா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். "நீலம்."

சுந்தரம் நோட்டில் ஒரு சரி போட்டார். விடிந்தால் ஞாபகசக்திப் பரிசோதனை. போன தடவை முப்பதுக்குப் பதினேழு. இன்னும் குறைந்தால் அம்மாவை உங்களை மட்டும் நம்பி வீட்டில் விட முடியாது, முதியோர் இல்லத்தில்தான் சேர்க்கவேண்டும் என்று மகள் கவிப்ரியா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாற்பத்தாறு வருஷம் கூடவே இருந்தவளை வாரம் ஒருமுறை பழப்பையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவதா?

டாக்டர் ரக்ஷனா முதலில் சொன்னது வேறு. தினமும் நடக்கவேண்டும், நாலு பேரோடு பேசிப் பழகவேண்டும், புதிதாக எதையாவது கற்கவேண்டும், நன்றாகத் தூங்கவேண்டும். போனது திரும்பாது, இருப்பது இன்னும் கொஞ்ச காலம் நிற்கலாம் என்றார். சுந்தரம் உடனே அட்டவணை போட்டார். காலையில் புக்கிட் பாத்தோக் பூங்காவில் நடை, சமூக மன்றத்தில் நடன வகுப்பு, தட்டில் சிவப்பரிசிச் சோறு. ஞாயிறுதோறும் பூவம்மா பக்கத்து வீட்டு ஆயிஷாவோடு தேக்கா சந்தைக்குப் போய், மீன்காரரிடம் வம்பளந்து, தேநீர் குடித்துவிட்டு வருவாள். அதையும் அட்டவணையில் ஒரு கட்டம் போட்டு எழுதிவைத்தார். ஆறு மாதம் எல்லாம் பிசகாமல் நடந்தது. பத்தொன்பதாக இருந்த மதிப்பெண் பதினேழாகியது.

அன்றுதான் அவருக்குள் இருந்த டியூஷன் வாத்தியார் விழித்துக்கொண்டார். முப்பது வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்தவர் அவர். தேறாத பிள்ளைக்கு ஒரே வைத்தியம்தான்: விளையாட்டை நிறுத்து, பழைய வினாத்தாளை எடு. பரிசோதனையில் டாக்டர் ஞாபகம் வைத்துச் சொல்லக் கேட்ட ஐந்து சொற்களையும் பஸ்ஸில் வரும்போதே எழுதிக்கொண்டார். நடை நின்றது, நடனம் நின்றது, தேக்காவும் நின்றது. கூடையோடு வந்த ஆயிஷாவை, பரீட்சை நேரம் என்று வாசலிலேயே திருப்பியனுப்பினார்.

"ஏண்ணே, அக்காவ யூனிவர்சிட்டிக்கு அனுப்பப் போறீங்களா?" என்று அவள் கேட்டதற்குச் சிரிக்கக்கூட இல்லை.

பரிசோதனையன்று டாக்டர் ரக்ஷனா ஒரு புதுத் தாளை எடுத்துவைத்தார். "கவனமாக் கேளுங்கம்மா. சீப்பு, யானை, படகு, ரோஜா, கடிதம்."

வினாத்தாள் மாறும் என்பது எந்த வாத்தியாருக்கும் தெரியும். சுந்தரத்துக்குத்தான் தோன்றாமல் போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவரை டாக்டர் கையுயர்த்தி அமர்த்தினார். பூவம்மா கோணல்மாணலாக ஒரு கடிகாரம் வரைந்தாள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது இரண்டாவதிலேயே நின்றுவிட்டாள். பின்னால் உட்கார்ந்து விரல்களை நெரிப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முதலில் சொன்ன ஐந்து சொற்கள் ஞாபகம் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

பூவம்மா திரும்பிக் கணவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரே மூச்சில், "குடை, கொய்யா, தச்சன், கோயில், நீலம்," என்றாள். இத்தனை மாதத்தில் ஒருநாளும் அவள் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அதெல்லாம் போன தடவைச் சொற்கள் என்று பக்குவமாகச் சொல்லி, இன்று கேட்டதில் ஒன்றாவது நினைவுக்கு வருகிறதா என்று விசாரித்தார்.

பூவம்மா மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். சுந்தரத்துக்குக் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ.

"இன்னைக்கு மட்டும் இதையே சரின்னு போட்டுடுங்க டாக்டர். நான் தப்பாச் சொன்னா அவரு பாத்ரூமுக்குள்ள போயி, பைப்பத் திறந்துவிட்டுட்டு அழறாரு."