தகரத்தின் மேல் ஒரு சிவப்புச் சேலை

தாராவியில் ஞானசீலன் குடியிருந்த சந்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த வண்டி வாங்கினாலும், சைக்கிளோ கைவண்டியோ, அதன் முதல் ஓட்டம் சந்துக்குள்தான். அந்தோணியார் சிலை வைத்த சின்னக் கெபியைச் சுற்றி, வாங்கியவர் வீட்டு வாசலில் நிறுத்தி, வீட்டுப் பெண்கள் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது வெளியே பிழைக்கப் போகலாம். இந்துக்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், கிறிஸ்தவர்கள் கோயில் தீர்த்தம் தெளிப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முகைதீன் டாக்சி வாங்கியபோது அது சந்தின் வாயிலேயே சிக்கிக்கொண்டு, இரண்டு பக்கச் சுவரிலும் பெயிண்டைத் தேய்த்தபடி அரை நாள் நின்றது. பாதி உடம்பாவது உள்ளே வந்துவிட்டதே என்று எல்லோருக்கும் திருப்தி.

ஆகவே ஞானசீலன் ஜுஹுவில் விமானம் ஓட்டப் பழகுகிறான் என்ற செய்தி பரவியபோது, விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே எப்போது கொண்டுவருவாய் என்றுதான் கேட்டார்கள்.

அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. சாந்தாகுரூஸில் ஒரு சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. தாய் தகப்பன் இல்லை. அக்கா லூசியம்மாள்தான் வளர்த்தாள். அவளுடைய புருஷன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்துப்போன பிறகு, ஒரு தோல் பட்டறையில் பைகளுக்கு வார் தைத்துத் தம்பியைப் படிக்க வைத்தாள். இருவருக்கும் ஒற்றை அறை. நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும்.

அவனைக் கெடுத்தது கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் கிடைக்கும் பழைய புத்தகங்கள்தான் என்பது அக்காவின் கட்சி. எந்தெந்த நாட்டுக் கதைகளோ தமிழில் வந்து அட்டை கிழிந்து அங்கே கிடந்தன. பனிக்காட்டில் நாய் பூட்டிய வண்டியில் போனவர்கள், பெயர் வாயில் நுழையாத ஆறுகளில் ஒற்றைப் படகில் இறங்கியவர்கள். அந்தக் கதைகளில் வந்த ஆட்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். அதுதான் அவனுக்குப் பிடித்தது. சந்துக்குள் ஒன்றுக்கு இருக்கப் போனாலும் எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள்.

பறக்கப் பழகும் இளைஞர்களுக்கு அரசாங்கம் கட்டணத்தில் ஒரு பங்கைக் கொடுத்தது. மீதிக்கு அவன் சம்பளம் பெட்ரோலாக எரிந்தது. வீடு அக்காவின் ஊசியில் ஓடியது. லைசென்ஸ் மட்டும் கிடைத்துவிட்டால் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டங்களுக்குப் பறக்கலாம், ஆந்திராவில் பருத்திக்கு மருந்து தெளிக்கலாம். பூமி ஒரு பாயைப்போல விரிந்து கிடக்க, அதன் மேல் நினைத்த பக்கம் திரும்பலாம்.

ஜுஹு விமானப் பயிற்சி கிளப்பில் இருந்தது புஷ்பக் என்ற சின்ன விமானம். மரச் சட்டத்துக்குத் துணி சுற்றிய இறக்கை. இரண்டு பேர் தோள் உரச உட்கார வேண்டும். அவனுடைய அறையைவிடச் சிறிய இடம்தான். ஆனால் முதல் தடவை சக்கரங்கள் தரையை விட்டு, அதுவரை உடம்பைக் குலுக்கிக்கொண்டிருந்த கடகடப்பு சட்டென்று நின்றபோது, இத்தனை வருஷம் யாரோ தன் தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்ததும், இப்போது அந்தக் கை எடுக்கப்பட்டதும் அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு இறங்கியதும் புல்லில் குந்தி உட்கார்ந்துவிட்டான். வாந்தி வருகிறதா என்று வாத்தியார் கேட்டார்.

வாத்தியார் அனந்தகிருஷ்ணன் மாதுங்காக்காரர். விமானப்படையில் இருந்து வந்தவர். வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பறப்பார். திட்டுவதைத் தவிர வேறு எதுவும் கற்றுத்தர அவருக்குத் தெரியாது என்று பழகும் பையன்கள் சொல்வார்கள்.

1964 டிசம்பரில் போப்பாண்டவர் பம்பாய்க்கு வந்துபோனதற்கு அடுத்த மாதம் அது. ஒரு சனிக்கிழமை மாலை வாத்தியார் ஞானசீலனைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் காலம்பற தனியாப் போயிட்டு வா. வெர்சோவா வரைக்கும் கடல் மேலயே போய், கடல் மேலயே திரும்பணும். கிழக்க மூக்கைத் திருப்பாதே. அங்க சாந்தாகுரூஸ். பெரிய ஜெட்டெல்லாம் எறங்கற எடம். அதுக்கு முன்னாடி நீ கொசு, தெரிஞ்சுதோ?"

"தெரியும் சார்."

"இதை ஒழுங்கா முடிச்சேன்னா உன் பேரை லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்பிடறேன். இல்லேன்னா அந்த மூட்டைக் கணக்கையே எழுதிண்டு கிட."

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சாக இருந்தது.

"ஏலே சீலா, நாளைக்கு நீ ஒத்தையாத்தான போற? அப்பம் நம்ம பக்கம் கொண்டாந்திர வேண்டியதுதான," என்றாள் பக்கத்து வீட்டுப் பேராச்சி.

"அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காக, பெரியம்மா."

டாக்சியைக் கழுவ வாளியோடு நின்ற முகைதீன் சிரித்தான். "மேல என்ன போலீஸ் ஹவில்தாரா நிக்கான், சீட்டி அடிக்க? என் வண்டி பாதி கல்லிக்குள்ளதான் வந்துச்சு. உன் வண்டிக்கு அந்தத் தொல்லையும் கெடையாது. மேலால ஒரு சுத்து, அம்புட்டுதான்."

"எங்க வீட்டு மேலயும் வரணும்யா. ஒங்க அக்கா வீட்டோட திரும்பிராத," என்றாள் பேராச்சி.

"ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான பெரியம்மா."

"இருந்தாலும் எங்க கூரை வேற, ஒங்க கூரை வேறல்லா."

லூசியம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "போகக் கூடாதுன்னா போகாதல," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

ஆனால் விடியற்காலையில் அவன் கிளம்பும்போது அவள் தகரப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். அதில் கட்டாமல் கிடந்த அவளுடைய கல்யாணச் சேலை மடியில் இருந்தது. அரக்குச் சிவப்பு, ஓரத்தில் மெல்லிய சரிகை. புருஷன் செத்த பிறகு அவள் வெள்ளையைத் தவிர வேறு கட்டியதில்லை.

"எதுக்குக்கா இது?"

"சும்மாதான். கூரையில காயப்போடுதேன். பாச்சா உருண்ட மணம் அடிக்கி." பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், "ஒருவேள வந்தியன்னா அடையாளம் வேணும்லா," என்றாள்.

வெர்சோவா வரை அவன் சொன்னபடிதான் பறந்தான். பக்கத்து இருக்கை காலி. வாத்தியாரின் புகையிலை மணம் மட்டும் மிச்சம் இருந்தது. கீழே மீன்பிடிப் படகுகள் கோடு கிழித்துக்கொண்டு போயின. இப்படியே மூக்கை மேற்கே வைத்தால் அரபிக்கடல், அதற்கப்பால் ஆப்பிரிக்கா என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது.

திரும்பி ஜுஹுவை நெருங்கியபோது இன்னும் பெட்ரோல் இருந்தது. வானம் காலியாக இருந்தது. கடலை ஒட்டியே கொஞ்சம் தெற்கே போனால் பாந்த்ரா, அதைத் தாண்டினால் மாஹிம் கழிமுகம், அங்கிருந்து இடப்பக்கம் ஒரு திருப்பம். எட்டிவிடும் தூரம். தோல் தைத்துத் தைத்துக் கட்டைவிரல் தட்டையாகிப்போன அக்கா இந்நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தான். அது மட்டும் காரணமா என்று பிற்பாடு பல தடவை தன்னையே கேட்டிருக்கிறான். இல்லை. போகாதே என்று சொன்ன பக்கம் போவதற்குத்தானே அத்தனை கதைகளையும் படித்தான்.

அவன் இறங்கவில்லை. தெற்கே போய், மாஹிமில் திரும்பினான்.

இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவில் தாராவி கிடந்தது. மேலிருந்து பார்க்க அது ஊராகவே தெரியவில்லை. துருப்பிடித்த தகரம் ஒன்றன்மேல் ஒன்றாக, கைக்கு வந்தபடி ஒட்டுப்போட்ட சாக்கைப்போல. குயவர்களின் சூளைப்புகை பனியோடு கலந்து மெத்தையாக நின்றது. தான் நடந்து நடந்து கால் அறிந்த சந்துகள் ஒன்றையும் கண் அறியவில்லை. பிறகு புகை விலகிய இடத்தில் சிவப்பு தெரிந்தது.

ஒன்றல்ல. அந்த வட்டாரமே சிவந்திருந்தது. லூசியம்மாளின் சேலை கூரைக்குப் போனதைப் பார்த்த பேராச்சி தன் சிவப்புப் போர்வையையும் விரித்திருக்க வேண்டும். அதைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்த சந்து. சேலை, போர்வை, பாவாடை, யாரோ விரித்த கட்சிக் கொடி, பட்டறைக் கூரையில் சாயம் ஏற்றிய தோல்கள். எல்லாரும் தங்கள் வீட்டை அவனுக்குக் காட்ட நினைத்ததில், ஒரு வீடும் தெரியவில்லை.

அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். கூரைகளின் மேல் எறும்பு எறும்பாக ஆட்கள் கையாட்டினார்கள். யார் யார் என்று தெரியவில்லை. அரக்குச் சிவப்பு, ஓரத்தில் சரிகை. அந்தச் சரிகை தெரிய வேண்டுமானால் இன்னும் கீழே போக வேண்டும். போனான். இரண்டாவது சுற்றில் கெபியின் வெள்ளைச் சிலுவை கண்ணில் பட்டது. அதிலிருந்து கூரைகளை எண்ணத் தொடங்கினான். எண்ணி முடிப்பதற்குள் இறக்கை அதைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று திரும்பினான்.

அப்போதுதான் அவன் மேல் நிழல் விழுந்தது. தலைக்கு மேலே, சக்கரங்களைக் கீழே தொங்கவிட்டபடி, ஒரு பெரிய ஜெட் சாந்தாகுரூஸை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் இருந்த ஆணிகள்கூடத் தெரிந்ததுபோல் இருந்தது. திடீரென்று அதன் எஞ்சின்கள் ஓலமிட, அது இறங்குவதை விட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று. அது விட்டுப்போன காற்றில் புஷ்பக் ஒரு பக்கமாகச் சாய்ந்து உதறியது. அவன் ஓட்டும் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலைத் தேடி ஓடினான். கீழே யாரையும் பார்க்கவில்லை.

இறங்கி எஞ்சினை நிறுத்தியபோது அனந்தகிருஷ்ணன் ஓடுபாதை ஓரத்தில் நின்றிருந்தார். சாந்தாகுரூஸிலிருந்து போன் வந்துவிட்டது.

"எங்கடா போனே?"

"வீட்டு மேல, சார்."

"ஆத்துல யாருக்காவது உடம்பு முடியலையா?"

"இல்ல சார். வண்டி எடுத்தா முதல்ல வீட்டு வாசலுக்குக் கொண்டுவரணும். எங்க சந்துல அப்படி வழக்கம்."

அவர் வாயில் இருந்த வெற்றிலையைப் புல்லில் துப்பினார்.

"அந்த ஜெட்டுல நூத்துச் சொச்சம் பேர் இருந்தா. அவாளுக்கும் வீடு இருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் திட்டுவார் என்று காத்திருந்தான். அன்றைக்கு அவர் திட்டவில்லை.

"இனிமே வராதே. வேற எந்த கிளப்லயும் சேத்துக்க மாட்டா, நான் சேக்க விடமாட்டேன்." கொஞ்ச தூரம் போனவர் திரும்பாமலே சொன்னார்: "நல்ல கைடா உனக்கு. அதான் எரிச்சலா இருக்கு."

அவன் பஸ் ஏறாமல் நடந்தே வந்தான். சந்தின் வாயிலேயே கூட்டம் சூழ்ந்துகொண்டது. முகைதீன் அவனைத் தூக்கித் தன் டாக்சி மேல் உட்கார வைத்தான்.

"என் போர்வையப் பாத்தியாய்யா? மூலையில பூப் போட்டது," என்றாள் பேராச்சி.

"பாத்தேன் பெரியம்மா."

"நாஞ் சொல்லல? மத்தவுகள்லாம் நம்பல. எம்புட்டுத் தாழ வந்தான். பின்னாலயே அந்தப் பெரிய கப்பலு வந்துச்சு, இவனப் பாத்து மெரண்டு மேல ஏறிட்டுல்லா."

எல்லோரும் சிரித்தார்கள். தன் சேலையை, தன் கொடியை, தன் பிள்ளையைப் பார்த்தானா என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். எல்லோரிடமும் பார்த்தேன் என்றான். கூட்டத்துக்குப் பின்னால் அக்கா ஒரு செம்பில் தண்ணீரோடு நின்றிருந்தாள். ஊற்றுவதற்குச் சக்கரம் இல்லாததால் அவன் காலில் ஊற்றினாள். 

சோறு போடும்போதுதான் கேட்டாள். "இனி லைசென்சு குடுத்திருவாகளால?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சொன்னால், தன் சேலைதான் அவனை இழுத்தது என்று அவள் நினைப்பாள். சந்து முழுவதும் அதையே நினைக்கும். நாளை முதல் ஒருவரும் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் பழகணும்க்கா."

"பழகு. என்ன அவசரம்."

அதன் பிறகும் ஞாயிறு தோறும் அவன் விடியலில் கிளம்பினான். ஜுஹு கடற்கரை மணலில் உட்கார்ந்து, புஷ்பக் எழுவதையும் இறங்குவதையும் பார்ப்பான். தூரத்தில் வரும்போதே ஓட்டுபவன் பயப்படுகிறானா இல்லையா என்று எஞ்சின் சத்தத்தில் தெரிந்துவிடும். கையில் ஒரு புத்தகம் இருக்கும். இரண்டு பக்கம் ஓடாது. பெட்ரோலுக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் சரக்குக் கிடங்குச் சிநேகிதர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டில் கொடுத்தால் எங்கிருந்து என்று அக்கா கேட்பாளே.

சந்துக்கு அந்த வேடிக்கை சீக்கிரமே சலித்துவிட்டது. இரண்டு ஞாயிறு ஆளுக்கு ஒன்றாக விரித்துப் பார்த்தார்கள். அவன் வரவில்லை. மழைக்கு முன்னால் கூரைக்குத் தார் பூசும் வேலை வந்தது. பேராச்சியின் போர்வை உள்ளே போயிற்று, கொடி போயிற்று, மற்றதெல்லாம் போயிற்று.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, கடற்கரையில் இருக்கப் பிடிக்காமல் அவன் காலையிலேயே திரும்பிவிட்டான். மாஹிம் ஸ்டேஷனில் இறங்கி ரயில் மேம்பாலத்தில் ஏறியபோது வெயில் தகரங்களின் மேல் பளபளத்துக்கொண்டிருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அத்தனை தகரத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சிவப்பு. நாலு மூலையிலும் செங்கல் வைத்து, சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. வெயிலில் வெளுத்து அரக்கு நிறம் போய்ச் செம்பருத்தி நிறமாகியிருந்தது. சரிகை மட்டும் அப்படியே மின்னியது. மேலே இருந்து பார்த்தால், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், ஒரு கண்சிமிட்டலில் தெரிந்துவிடும்.

பாலத்தில் போகிறவர்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள். வழக்கமாகத் திரும்பும் நேரம் வரும்வரை அவன் அங்கேயே நின்றான்.