தெருவாசிகள் தரப்பில் கருத்து எதுவுமில்லை

எங்கள் நகராட்சியில் யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. மக்களிடம் கருத்துக் கேட்பது. சொல்கிறவர்களுக்கும் பிடிக்காது, கேட்கிற எங்களுக்கும் பிடிக்காது. கேட்டே தீர வேண்டும் என்று சட்டம் சொல்வதால் ஒரு மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பாதி நாற்காலிகள் காலியாக இருக்க, அவற்றைப் பார்த்துக் கேட்போம். நகரமைப்புப் பிரிவில் இந்த வேலை என் தலையில் விழுந்து பல காலமாகிறது. குளத்துக்காகக் கேட்டிருக்கிறேன். மேம்பாலத்துக்காகக் கேட்டிருக்கிறேன். இந்த முறை என் அக்கா குடியிருக்கும் தெருவுக்காகவே கேட்க வேண்டி வந்தது.

பழைய தெரு அது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிய மாடி வீடுகள், மர ஜன்னல்கள், ஒவ்வொரு வாசலிலிருந்தும் தெருவுக்கு இறங்கும் மூன்று கருங்கல் படிகள். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர் ஒருவருக்கு இந்தப் படிகளின் மேல் காதல் வந்துவிட்டது. படம் எடுத்தார், கட்டுரை எழுதினார், எங்கள் ஆணையரைப் பார்த்துப் பேசினார். இப்படி ஒரே அளவில், ஒரே வரிசையில் கல்படிகள் உள்ள தெரு இந்த வட்டாரத்திலேயே வேறு கிடையாதாம். இருக்கலாம். பேராசிரியர் குடியிருப்பது ஊரின் மறுகோடியில், லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில்.

அவர் தட்டிய கதவு திறந்தது. தெருவை மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்க யோசனை தயாரானது. அறிவித்துவிட்டால் வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் இடிக்கலாம், கட்டலாம். தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற எதையும் தொடக் கூடாது. சுவர், ஜன்னல், கதவு, எல்லாவற்றுக்கும் மேலாகப் படி. நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்தே தடை அமலுக்கு வந்துவிடும். இல்லையென்றால் அறிவிப்பு வருவதற்குள் ஆளாளுக்கு அவசரமாக இடித்துத் தள்ளிவிடுவார்களே.

நோட்டீஸை ஒட்டுவதற்கு நான் ஆள் அனுப்பிய வாரத்தில்தான் அக்கா வீட்டு வாசலைக் கொத்தனார் அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அத்தான் பஸ் ஓட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீடு தங்க மாட்டார். பேப்பர் வாங்கப் போவார், வாங்கிய பேப்பரைப் பற்றிப் பேசப் போவார், பேசி முடித்து இன்னொருவரைப் பார்க்கப் போவார். "உங்க அத்தானுக்குக் கால்ல சக்கரம்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் செயலிழந்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அவருக்காகப் பேட்டரியில் ஓடும் நாற்காலி ஒன்றை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து வாங்கினோம். இடது கையால் குமிழைத் திருப்பினால் போதும், போகும். ஒரே வாரத்தில் கதவு நிலையில் ஒரு கீறல் விழாமல் ஓட்டப் பழகிவிட்டார். முன் அறையிலிருந்து வாசல் வரைக்கும் வருவார். வந்து நிற்பார். முன்னால் மூன்று படிகள்.

அந்த நாற்காலி ஆளைவிடக் கனம். அதோடு அவரைத் தூக்கி இறக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டுத் தையல்காரரும் இன்னொருவரும் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் காரில் வைப்பார்கள். அப்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒருமுறை என்னிடம், குழறும் நாக்கோடு, "ஊரையே ஏத்தி இறக்கினவன்மா நான்" என்றார். டீ குடித்தீர்களா என்று கேட்டேன்.

கொத்தனார் சொன்ன யோசனை எளிமையானது. சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு சரிவு கட்டிவிடலாம். படிகளை உடைக்கக்கூட வேண்டாம், மேலே பூசிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அது கட்டினால் அத்தான் தானாகவே தெருவுக்கு இறங்குவார், தானாகவே திரும்பி வருவார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் ஆணையரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. யோசனையில் விதிவிலக்கு சேர்க்க இடமிருக்கிறது என்றார். தெருவாசி ஒருவர் எழுதிக் கொடுத்தாலோ, கூட்டத்தில் எழுந்து பேரையும் கதவு எண்ணையும் சொல்லிக் கேட்டாலோ போதும், சேர்த்துவிடலாம். அறிவித்த பிறகு என்றால் எல்லாம் மேலிடத்துக்குப் போக வேண்டும், அங்கே போனது கிணற்றில் போட்ட கல். "யார் வீட்டுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடி வைத்தார்.

"அப்போ இதைப் பத்தி நீங்க வாயே திறக்கக் கூடாதும்மா. சொந்தக்காரங்க விஷயம். நாளைக்கு யாராவது கேஸ் போட்டா ரெண்டு பேரும் மாட்டுவோம். அவங்களையே கேக்கச் சொல்லுங்க."

அவங்களையே கேட்கச் சொன்னேன். அன்று மாலையே விதிவிலக்குக் கேட்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

தெரு முனையிலேயே தையல்காரர் பிடித்துக்கொண்டார். அவருடைய கடைப் பலகை சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை எடுக்கச் சொல்வார்களோ என்று கவலை. "நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க மேடம்." எழுதிக் கொடுங்கள் என்றேன். "உங்ககிட்ட சொன்னா போதாதா?" என்று சிரித்தார். எதிர் வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மாடி ஜன்னலிலிருந்தே தன் ஓட்டுக்கூரை பற்றிச் சொன்னார். உலகத்துக்கே எழுதக் கற்றுக் கொடுத்தவர், அவரும் எழுத மாட்டாராம். "நம்ம பொண்ணு ஆபீஸ்ல இருக்கும்போது எனக்கென்ன" என்றார். அந்தத் தெருவில் எல்லோரும் இப்படித்தான். என்னிடம் சொல்லிவிட்டால் அரசாங்கத்திடம் சொன்ன மாதிரி. நான் கரடியாகக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அக்கா அடுப்படியில் இருந்தாள். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அவளுக்கு இன்னும் நான் பாப்பா.

"வா பாப்பா. முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?"

அதுதான் நான் செய்த தப்பு. முகம் ஏன் வாடியிருக்கிறது என்று விலாவாரியாகச் சொன்னேன். அன்று அலுவலகத்தில் எவனோ ஒரு கோப்பைத் தொலைத்துவிட்டு என் மேல் பழி போடப் பார்த்திருந்தான். "ஒரு எழுத்து தப்பினா போதும்க்கா, கழுத்துல கத்தியை வச்சிடுவானுங்க" என்றேன். இப்படிப் புலம்புவது எனக்குப் பல வருஷப் பழக்கம். புலம்பி முடித்த பிறகுதான் படிவத்தை நீட்டினேன்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல பேரு, கதவு நம்பர் எல்லாம் போடணுமா?"

"போடாம? மொட்டைக் கடுதாசியா அனுப்பப் போற?"

"கூட்டத்துல உங்க பெரியவர் இருப்பாரா?"

"அவர் இல்லாம எப்படி. நான்தான் நடத்தணும், அவர் தலைமை தாங்குவார்."

"அவர் கோவக்காரரா?"

"எல்லா மேலதிகாரியும் கோவக்காரன்தான்க்கா. நீ முதல்ல எழுது."

"சரி" என்று மடித்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். அடுத்த வாரம் போனபோதும் அது அங்கேயே இருந்தது. கேட்டால், "கூட்டத்துக்குத்தான் வரப் போறேனே, பாத்துக்கலாம்" என்றாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. தங்கச்சி எப்படியும் முடித்துக் கொடுப்பாள் என்ற மிதப்பு என்று நினைத்தேன். பேசச் சோர்வாக இருந்ததால் பேசாமல் வந்துவிட்டேன்.

கூட்டத்தைப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்தோம். ஆச்சரியமாக, தெருவே திரண்டு வந்திருந்தது. கூடுதல் நாற்காலி போட வேண்டியதாயிற்று. அக்கா மூன்றாம் வரிசையில், அயர்ன் செய்த புடவையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இத்தனை பேர் வந்திருக்கிறார்களே, யாராவது ஒருவர் ஆரம்பித்துவிட்டால் போதும், மற்றவர்கள் தொடர்வார்கள்.

பேராசிரியர் திரையில் படம் காட்டினார். அதிகாலை வெளிச்சத்தில் படிகள், மழையில் நனைந்த படிகள், பூனை படுத்திருக்கும் படிகள். ஒரு படத்திலும் ஒரு மனிதரும் ஏறவில்லை, இறங்கவில்லை. நன்றாகத்தான் பேசினார். கைதட்டினார்கள், அக்காவும் தட்டினாள்.

ஆணையர் மைக்கை இழுத்தார். "இப்போ தெருவாசிகள் பேசலாம். யாருக்காவது ஆட்சேபணை, விதிவிலக்கு, ஏதாவது இருந்தா எழுந்து சொல்லுங்க."

யாரும் எழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தையல்காரர் எனக்குத் தைரியம் சொல்வது போலத் தலையை ஆட்டினார். நான் அவர்கள் சார்பில் பேசப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். தெருவில் என்னைக் கண்டால் வழிமறித்துப் பேசுகிறவர்களுக்கு இப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. மைக்கை வாங்கி, இங்கே எழுந்து சொன்னால் மட்டும்தான் கணக்கு, வெளியே யாரிடம் சொல்லியிருந்தாலும் சேராது என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தலைமையாசிரியை பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். சொல்லித்தானே வைத்திருக்கிறோம் என்றுதான் இருக்கும்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உதாரணமா, படியேற முடியாதவங்க வீட்டுல இருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

ஆணையர் மைக்கைக் கையால் மூடினார். "நாம கேக்கத்தான் வந்திருக்கோம்மா, சொல்ல இல்ல" என்றார் மெதுவாக. அவர் சொன்னது சரி. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அக்கா ஒருமுறை நிமிர்ந்தாள். எழப் போகிறாள் என்று என் உடம்பெல்லாம் அவளோடு சேர்ந்து எழுந்தது. அவள் ஆணையரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

பதிவேட்டில் என் கையால் எழுதினேன்: தெருவாசிகள் தரப்பில் கருத்து எதுவுமில்லை. ஆணையர் கையெழுத்திட்டார். அதோடு முடிந்தது.

வாசலில் தையல்காரர், "நல்லா நடத்தினீங்க மேடம். நம்ம விஷயம் சேந்துடுச்சுல்ல?" என்றார். நான் அக்காவைத் தேடிப் போனேன்.

அக்காவோடு வீடு வரை நடந்தேன். அந்த மூன்று படிகளில் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள், நான் பின்னால் ஏறினேன். அத்தான் முன் அறையில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். அவரைத் தாண்டி அடுப்படிக்குப் போன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

"ஏன்க்கா பேசல?"

அவள் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லாத பாத்திரம்.

"அத்தனை பேர் முன்னாடி, உங்க பெரியவர் பக்கத்துல நீ உக்காந்திருக்க. நான் எழுந்து உங்க திட்டம் சரியில்லன்னு சொன்னா யாருக்குக் கெட்ட பேரு? அக்காவைத் தூண்டி விட்டதே இவதான்னு சொல்ல மாட்டாங்க? உனக்குச் சர்வீஸ் முடிய இன்னும் ரெண்டு வருஷம்கூட இல்ல. கடைசி நேரத்துல என்னால உனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது."

"அதுக்காகவா எழுதவும் இல்ல?"

"எழுதினா மட்டும்? பேரும் கதவு நம்பரும் போட்டுத்தானே குடுக்கணும். ஊருக்கே தெரியும் நீ யார் தங்கச்சின்னு."

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்கக்கா" என்றேன். "கருத்துச் சொன்னதுக்காக யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. என்னையும் பண்ண மாட்டாங்க. அவர்தான் உன்னைக் கேக்கச் சொல்லுன்னு சொல்லியே அனுப்பினார்."

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"இதை நீ சொல்லலியே."

"எழுது எழுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"எழுதுன்னு சொன்ன. ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு என்னிக்குச் சொன்ன? இத்தனை வருஷமா இந்த அடுப்படில உக்காந்து கழுத்துல கத்தின்னுதானே சொல்லிட்டிருக்க. நான் உன் பேச்சை நம்பினேன்."

குளம், பாலம், தெரு என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அக்காவிடம்கூட இன்றைக்குத்தான் கேட்கிறேன், எல்லாம் முடிந்த பிறகு. அவள் மேல் இத்தனை நாள் பட்ட எரிச்சலையெல்லாம் வைத்துக்கொள்ள இடமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

முன் அறையில் நாற்காலியின் மோட்டார் முனகியது. அத்தான் விழித்துவிட்டார்.

"ஆபீசரம்மா வந்தாச்சா?" என்று குரல் கொடுத்தார். வார்த்தை குழறினாலும் கேலி குழறவில்லை. "கொத்தனாரை எப்போ வரச் சொல்லலாம்?"

நான் எழுந்தேன். சொல்ல வேண்டியவள் நான்தான், பதிவேட்டில் எழுதியதும் நான்தான். அக்கா என் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீ இரு பாப்பா, நான் சொல்லிக்கறேன். நீ சொன்னா அவருக்கு ஆபீஸ் சொன்ன மாதிரி இருக்கும்."