அனுபவத்தில் இருக்கும் தண்ணீர்

முதுகுப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் ரெத்தினம் நிற்கிற இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு வயல் தண்ணீர் நிற்கும். எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் மேட்டூர் மூடிக் கிடந்தது, பாமணி ஆற்றில் ஆட்டுக்குட்டி நனையக்கூடத் தண்ணீர் இல்லை. அப்போதும் அவர் குடிசையின் மண் தரையில், அயிரை மீனும் நத்தையுமாக, வந்த தண்ணீர் கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் வடியும். சுவர் கரைந்ததில்லை. தண்ணீர் வருவதை நம்புவதில் எங்கள் ஊருக்குச் சிரமம் இருக்கவில்லை, ரெத்தினத்தை நம்புவதில்தான் இருந்தது. ஊருக்கே இல்லாத தண்ணீர் ஒருத்தனுக்கு மட்டும் எப்படி வரும்? வாய்க்காலுக்கு அடியில் குழாய் பதித்திருக்கிறார் என்றார்கள் பக்கத்து வயல்காரர்கள். விவசாயக் கூலிச் சங்கத்துக்காரன் வித்தை என்றது பண்ணை. நிலத்தைப் பிடுங்க பண்ணை செய்யும் வித்தை என்றது சங்கம். ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைச் சந்தேகித்தது, எதிர்க்கட்சி பண்ணை, சங்கம் இரண்டையும் சந்தேகித்தது. பொதுப்பணித் துறையிலிருந்து, மதகு திறந்து மூடும் லஸ்கர் குஞ்சிதபாதம் வந்து குச்சி விட்டு அளந்தார், ஒரு கை அள்ளிக் குடித்தும் பார்த்தார். "ஆத்துத் தண்ணிதான். ஆனா இந்த வருஷத்துத் தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். அவரையும் யாரும் நம்பவில்லை.

ரெத்தினத்தின் மனைவி அம்சம் கல்யாணமாகி ஆறு வருஷமாக அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டதில்லை. சோறு ஆகிவிட்டது என்று சொல்ல வீட்டைச் சுற்றிக்கொண்டு அவர் முகத்துக்கு எதிரே போய் நிற்பாள். முதுகில் கை வைக்க அவர் விட்டதே இல்லை. கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் சுவரோரமாகத்தான் உட்காருவார், முதுகை ஒட்ட வைத்துக்கொண்டு. பாசம் இல்லாத மனிதர் என்று அம்சம் முடிவு கட்டியிருந்தாள். பாவம், அவளும் வேறு என்னதான் நினைப்பாள்? ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு இந்த விவரமெல்லாம் தெரியுமா? வைகாசியில் ஒருநாள் மகள் ராசம்மாள் பின்னாலேயே தத்தித் தத்தி ஓடி வந்து, "அப்பா" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடி குழந்தை தண்ணீருக்குள் இருந்தது. அம்சம் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினாள். குழந்தை இருமிய இருமலில் ஓர் அயிரை வெளியே வந்து விழுந்தது.

அன்றைக்கே துணிமூட்டை கட்டினாள். "முத்துப்பேட்டைக்குப் புதன்கிழமை ஒரு டாக்டரம்மா வர்றாங்களாம், மனசுக்குப் பாக்குறவங்க. நீங்க போகலன்னா நானும் புள்ளயும் சீர்காழிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறோம். அப்புறம் வரமாட்டோம்" என்றாள். மூட்டை அவிழ்க்கப்படாமல் வாசல் ஓரத்திலேயே இருந்தது.

டாக்டர் லத்தீஃபா அதிராம்பட்டினத்து வியாபாரக் குடும்பத்துப் பெண், மெட்ராஸில் படித்தவர். ஊசி போடுவதில்லை, மாத்திரை கொடுப்பதில்லை, பேசச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்வார். இது போதாதா சந்தேகப்பட? முதல் புதன்கிழமை அவர், "உங்க சின்ன வயசு அனுபவத்தச் சொல்லுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அனுபவம் என்றால் நிலம் யார் கையில் இருக்கிறது என்பது. குத்தகைப் பதிவுக்கு வந்த அதிகாரிகள் எல்லாம் எத்தனை வருஷ அனுபவம் என்றுதான் கேட்டார்கள். ரெத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒரு மா நெலம் இருக்குங்க, கேஸ்ல கெடக்கு" என்று தொடங்கி சர்வே நம்பரையும் நான்கு எல்லையையும் ஒப்பித்தார். டாக்டர் அதையும் எழுதுவதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். அடுத்த வாரம் சங்கத்து துரைராசுவைக் கூட்டிப் போனார். "இந்த நோட்டு எந்த ஆபீசுக்குப் போவுதுங்க?" என்று துரைராசு கேட்க, டாக்டர் நோட்டை ரெத்தினத்திடமே கொடுத்துவிட்டார். ரெத்தினம் அதை வாங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாவது புதன்கிழமை டாக்டர் வேறு மாதிரி கேட்டார். "உங்களுக்கு முழங்கால் ஆழம். ஏழு வயசுப் புள்ளைக்கு அது எது வரைக்கும் வரும்?" ரெத்தினத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. பிறகு சொன்னார். ஏழு வயதில் பண்ணையின் மடைக்குக் காவல் வைத்தார்கள். ஐப்பசி மழை. பையன் தூங்கிவிட்டான், மடை உடைந்து நாற்று போய்விட்டது. பண்ணைக் காரியக்காரர் பின்னால் வந்து நின்று, வெல்லம் கொடுப்பவர் போல, "ரெத்தினம்" என்று கூப்பிட்டார். பிடித்து மடைப் பள்ளத்துத் தண்ணீரில் இறக்கினார். பொழுது சாயும் வரை நிற்க வேண்டும். அப்பா காத்தான் வரப்பில் திரும்பி நிற்க வேண்டும், மகனைப் பார்க்கக் கூடாது. காத்தான் பார்க்கவில்லை. பையன் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். யாராவது தண்ணீரில் இறங்குவார்கள் என்று நினைத்தான். யாரும் இறங்கவில்லை.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "இருபத்தெட்டு வருஷமாச்சு. இனி அத விட்டுடலாமே" என்றார். ரெத்தினம் விருட்டென்று எழுந்துவிட்டார். விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி, கைநாட்டு வாங்கித்தான் எங்கள் தெருவில் பாதிப் பேரின் நிலத்தைப் பண்ணைக்காரர்கள் எடுத்தார்கள். "விட்டுடறதா? நானே நின்ன தண்ணி அது. யாரு சொல்லி இதக் கேக்குறீங்க?" என்றார். டாக்டருக்கு நிலத்து விவகாரம் தெரியாது, ஆனால் எதிரே நிற்கும் ஆளைத் தெரிந்துகொள்ளத் தெரியும். "சரி, விட வேணாம். கூட யாரையாவது சேத்துக்கலாமா?" என்றார்.

"கூட்டுப் பட்டா மாதிரியா?"

"அப்படித்தான்."

எட்டு நாள் அதையும் சந்தேகப்பட்டார். பொண்டாட்டியைச் சேர்த்தால் பின்னால் வில்லங்கம் வருமா என்று துரைராசுவிடம் கேட்டார். துரைராசு ரொம்ப நேரம் யோசித்து, "சேத்துக்க. ஆனா எதுலயும் கைநாட்டு வைக்காத" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை ரெத்தினம் சுவரை விட்டு விலகி, வீட்டு நடுவில் வாசலுக்கு முதுகு காட்டி நின்றார். "கூப்பிடு" என்றார். அம்சம் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். புருஷன் பேரைச் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை, அன்றைக்குச் சொன்னாள். "ரெத்தினம்." தண்ணீர் ஏறியது. அவர் தோள் நடுங்குவதைப் பின்னாலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள். பாசம் இல்லாத ஆள் இல்லை, பயந்த பிள்ளை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முதுகில் கை வைத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். "சில்லுன்னு இருக்கு" என்றாள் அவள். ரெத்தினம் அழுதார், வெட்கமில்லாமல், சத்தம் போட்டு. தண்ணீர் மளமளவென்று இறங்கிக் கணுக்காலில் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

இன்றுவரை வீட்டுக்குள் அது கணுக்கால் ஆழம் நிற்கிறது, வெளியே யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டாலும் அவ்வளவுதான் ஏறும். துணிமூட்டையை ஆடியில் அவிழ்த்தார்கள். ராசம்மாள் அந்தத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டு வளர்ந்தாள். மேட்டூர் திறக்கத் தாமதமாகும் வருஷங்களில் ஊரே அங்கேதான் விதை மூட்டை ஊற வைக்கிறது, அம்சத்திடமும் கேட்டுக்கொண்டு, ஏனென்றால் பாதி அவளுடையது. குழாய் எங்கே இருக்கிறது என்று பண்ணைக்காரர்களும் இன்னமும் தேடுகிறார்கள். ஆனாலும் ரெத்தினத்தைப் பின்னாலிருந்து கூப்பிட வேண்டியிருந்தால், அவர்களும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள்.